தோமாவை வெட்டிய கை

அக்கரை முகாம்
9 ஜனவரி 2022

மாவியின் அப்பாவுக்கு,

நானும் மாவியும் உயிரோடு இருக்கிறோம், ஸ்தோத்திரம். நீங்களும் அங்கே காட்டு முகாமில் உயிரோடு இருப்பதாக உப்பு கொண்டு வரும் லிங் சொன்னார். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். எல்லை ஆற்றைக் கடந்த நாளிலிருந்து உங்களுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மாவி விட்டால்தானே! "அப்பாவுக்கு எழுதினியா, எழுதினியா?" என்று காலையும் மாலையும் அரித்து எடுக்கிறாள்.

இங்கே தார்ப்பாய்க் கூரைதான். பக்கத்துக் கூரைக்காரர் விடும் குறட்டையில் எங்கள் பாத்திரம் உருளுகிறது. மூங்கிலால் ஒரு கோயில் கட்டிவிட்டார்கள். பெண்கள் எல்லோரும் உலையில் போடுமுன் கைப்பிடி அரிசி ஆண்டவருக்கு எடுத்து வைக்கிறோம், ஊரில் செய்தது போலவே. "பிச்சை வாங்கின அரிசியில ஆண்டவருக்கு என்ன பங்கு?" என்று ஒருத்தி முறைத்தாள். "பங்கு எடுத்து வைக்கலன்னா அது வெறும் பிச்சை. எடுத்து வச்சா நம்ம வீட்டுச் சோறு" என்றேன். அந்த அரிசியைச் சேர்க்கிற வேலை இப்போது என்னுடையது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மூட்டையாகக் கட்டி, அங்கே கோயில் காணிக்கையைப் பார்க்கும் டீக்கனாகிய உங்களுக்குத்தான் லிங் மூலம் அனுப்புகிறேன். மூட்டையோடு கடிதம் இல்லை என்றால், எழுத ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

உங்கள் மேல் எனக்கு ஆறவில்லை. நம் ஏனோக்கைப் புதைத்த மண் காயுமுன் ஊரில் இருந்த நாய்களையெல்லாம் வெட்டினீர்கள். பள்ளத்தில் ஒளிந்திருக்கும்போது குரைத்தால் ராணுவம் கண்டுபிடித்துவிடும், அதனால் ஒரு நாய் ஒரு சேவல் இருக்கக் கூடாது என்று சேய்தாங் உத்தரவு போட்டார். ஊர்க்காவல் படைக்கு அவர் தலைவர், உத்தரவு போடட்டும். கிறிஸ்துமஸுக்கு மிதுன் மாடு வெட்டுகிற நிதானமான கை என்று உங்களைக் கூப்பிட்டால் நீங்கள் போக வேண்டுமா? மற்ற நாய்கள் போகட்டும். தோமா நம் பிள்ளையின் நாய். தொட்டுப் பார்க்காமல் நம்பாத சீடன் தோமாவைப் போல, மோந்து பார்க்காமல் எதையும் நம்பாது என்று அவன்தான் அதற்கு அந்தப் பெயர் வைத்தான். அதையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். வாலை ஆட்டிக்கொண்டே போனது. மாவி என் இடுப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது எழுதியதற்கு வேறு காரணம். வலது காது இல்லாத ஒரு சிப்பாய் பாலத்தருகே உங்களிடம் பிடிபட்டான் என்று லிங் சொல்கிறார். நான் சோளக் குதிருக்குள் ஒளிந்திருந்து பார்த்தேன். ஊருக்கு எச்சரிக்கை செய்ய மணி அடித்துவிட்டு கோயில் படியிறங்கி ஓடிவந்த நம் பிள்ளையை முதுகில் சுட்டவன், செத்த பிறகு பூட்ஸ் காலால் புரட்டிப் பார்த்தவன், அவனுக்குத்தான் வலது காது இல்லை. செய்தி உண்மையா? உண்மையென்றால், அவன் செத்துவிட்டான் என்று ஒரே வரி எழுதி அனுப்புங்கள். அதற்கு மேல் உங்களிடம் எனக்கு எதுவும் வேண்டாம்.

சுய் பார்

*

ஓடைக்காட்டு முகாம்
18 ஜனவரி 2022

அன்புள்ள ஏனோக் அம்மாவுக்கு,

ஊரில் எல்லோரும் நம்மை மாவி அப்பா, மாவி அம்மா என்று மாற்றிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நீயும் அப்படியே எழுதியிருக்கிறாய். என்னால் முடியவில்லை. மூத்த பிள்ளையின் பெயரால்தான் பெற்றவர்களுக்குப் பெயர். அவன் செத்ததால் அவன் மூத்தவன் இல்லையென்று ஆகிவிடுமா?

செய்தி உண்மைதான். பாலத்தில் காலையிலேயே சண்டை தொடங்கிவிட்டது. நம் ஆட்களில் நால்வர் போனார்கள். தையல்காரர் மகன் ரோசாங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை தண்ணீர் கேட்டான். கொடுத்த தண்ணீர் காயத்தின் வழியாகவே வெளியே வந்தது. அவர்கள் பக்கம் எத்தனை என்று தெரியாது, ஆறு சிவந்து ஓடியது. கடைசியில் தொடையில் குண்டு பட்டு நாணலுக்குள் கிடந்தவனை முடியைப் பிடித்து இழுத்தபோது காதைப் பார்த்தேன். "கோயில் வாசல்ல மணி அடிச்ச பையனைச் சுட்டது யாரு?" என்று அவர்கள் பாஷையில் கேட்டேன். "நான்தான்" என்றான். பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் அடித்தேன். முன்பற்கள் என் காலடியில் விழுந்தன. மூன்று பேர் சேர்ந்து என்னை இழுத்துப் பிடித்தார்கள். அவர்கள் மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால் நீ கேட்ட ஒரே வரியை அன்றைக்கே எழுதியிருப்பேன்.

சேய்தாங் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: "பிள்ளையைப் பறிகொடுத்தவன் நீ. கை நடுங்காதவனும் நீ. எப்ப வேணும்னாலும் முடிச்சுக்க." இன்னும் முடிக்கவில்லை. காரணம் சொன்னால் நீ சிரிப்பாய், அல்லது என்னைச் சபிப்பாய்.

தோமா உயிரோடு இருக்கிறது.

அன்று அதைக் கடைசியாகத்தான் கூட்டிப்போனேன். கத்தியை ஓங்கியபோது தலையைத் திருப்பி என் கையை நக்க வந்தது. குறி தப்பி இடது கண்ணோடு தாடையைக் கிழித்தது. முன்னங்காலிலும் ஒரு வெட்டு. விழுந்து அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதென்று இலை தழைகளைப் போட்டு மூடினேன். நீங்கள் ஆற்றுக்குப் போனபின், நாங்கள் பள்ளத்தில் ஒண்டிக் கிடந்த ஒரு காலையில் புதரை விலக்கிக்கொண்டு வந்தது. முகத்தில் பாதி இல்லை. ஈ மொய்த்தது. அத்தனை ஆண்களும் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. எந்தக் கை வெட்டியது என்று அதற்குத் தெரியும், ஏனோக் அம்மா. நாய்க்கு வாசனை மறக்காது. தெரிந்துதான் வந்தது.

அன்றிலிருந்து அது ஒருமுறை கூடக் குரைக்கவில்லை. எனக்குக் கொஞ்ச நாள் அவகாசம் கொடு. மாவிக்கு முத்தம்.

வான் லியான்

*

அக்கரை முகாம்
26 ஜனவரி 2022

மாவியின் அப்பாவுக்கு,

தோமா உயிரோடு இருக்கிறது என்று வாசித்ததும் மாவி தார்ப்பாய் தார்ப்பாயாக ஓடி முகாம் முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். நானும் அழுதேன். அதை மறைக்கவில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். அப்போது பற்றிக்கொண்டு வந்தது.

அவகாசமா? எதற்கு? ஒரு பாவமும் அறியாத நாய்க்குச் சேய்தாங் சொன்ன அன்றைக்கே வெட்டு. நம் பிள்ளையை முதுகில் சுட்டவனுக்கு வேத தியானமா? நாய் வந்து காலில் தலை வைத்துவிட்டதாம், இவருக்கு ஞானோதயம் வந்துவிட்டதாம். நல்ல நியாயம்! தோமா உங்களை மன்னித்தால் அது தோமாவின் பெருந்தன்மை. அதை எடுத்து நீங்கள் யாருக்கோ வாரி வழங்க முடியாது. ஊரான் வீட்டு நெய்யில் உங்கள் தாராளத்தைக் காட்டாதீர்கள்.

நேற்று கோயிலில் போதகர் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, கசப்பு வேர் வளர விடாதீங்க" என்றார். "ஐயா, உங்க பிள்ளைங்க மூணு பேரும் சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்கல்ல?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். நல்ல மனிதர், பாவம். ஆனால் எனக்கு ஒவ்வொரு காலையும் அந்தச் சத்தம் கேட்கிறது. சுட்ட சத்தம் இல்லை. பூட்ஸ் காலால் புரட்டியபோது ஏனோக்கின் தலை படியில் இடித்த சத்தம். இளநீர்க் குடுவை விழுந்தது போல. அது உங்களுக்குக் கேட்கவில்லை, நீங்கள் வயலில் இருந்தீர்கள்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுதுங்கள். அங்கே ஆளுக்கு ஒருவேளைக் கஞ்சி என்று லிங் சொல்கிறார். அப்படியென்றால் அவனுக்குச் சோறு போடுவது யார்?

சுய் பார்

*

ஓடைக்காட்டு முகாம்
8 பிப்ரவரி 2022

அன்புள்ள ஏனோக் அம்மாவுக்கு,

நீ கேட்டுவிட்டாய். பொய் சொல்லத் தெரியாதவனைக் கட்டிக்கொண்டாய், அதனால் சொல்கிறேன். கைப்பிடி அரிசிதான்.

முதல் நாளே சேய்தாங் சொல்லிவிட்டார், "யார் பங்குலயும் ஒரு பருக்கை அவனுக்குப் போகக்கூடாது. பட்டினியிலயே சாகட்டும்." அது நியாயம்தான், யார் வயிற்றிலும் ஒட்ட ஒன்றுமில்லை. தொடைக் காயத்தில் புழு வைத்துக்கொண்டு அவன் கிடந்தான். நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் தோமாவுக்குக் கஞ்சி வைத்த இலையைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய் அது அவன் பக்கத்தில் படுத்து நக்கியது. அவன் கையை நீட்டி அந்த இலையின் மறுபக்கத்திலிருந்து வழித்துத் தின்றான். நாய் உறுமவில்லை. சற்றுத் தள்ளி இடம் விட்டது. அதைப் பார்த்தபின் யோசித்தேன், யாருடைய பங்கையும் தொடாமல் கொடுக்க என்னிடம் இருப்பது ஆண்டவருடைய பங்கு ஒன்றுதான். டீக்கன் என்ற முறையில் எடுத்தேன். சேய்தாங்குக்குத் தெரிந்தபோது என்னைக் கன்னத்தில் அறைந்தார். காது இன்னும் அடைத்திருக்கிறது. ஆனால் ஆண்டவர் அரிசியைப் பிடுங்க அவருக்கும் துணிவு வரவில்லை.

அவன் நல்லவன் என்று எழுத மாட்டேன். இல்லை. "ஏன் சுட்டே?" என்று கேட்டேன். "ஓடினான். ஓடுறவனைச் சுடச் சொல்லியிருந்தாங்க" என்றான், மாட்டைப் பற்றிச் சொல்வது போல. அன்றைக்கும் அடித்தேன். விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. தோமா மூலையில் நடுங்கிக்கொண்டிருந்துவிட்டு, நான் களைத்து உட்கார்ந்ததும் முதலில் அவன் ரத்தத்தை நக்கியது, பிறகு வந்து என் கை முட்டியில் இருந்த ரத்தத்தை நக்கியது.

இரண்டு நாள் கழித்து அவன் கேட்டான், "நாயோட கண்ணு எப்படிப் போச்சு?"

"நான் வெட்டினேன்."

"நீங்களா?" அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்புறம் ஏன் உங்களையே சுத்திச் சுத்தி வருது?"

"தெரியல."

"எங்க பட்டாளத்துல இருந்தா அதுக்குக் கிறுக்குன்னு சொல்லிச் சுட்டிருப்பாங்க" என்றான். முன்பல் போன வாயால் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

இருபது வருடமாகச் சிலுவையைப் பற்றி ஜெபக்கூட்டத்தில் பேசியிருக்கிறேன். எப்போதும் பலியான ஆட்டுக்குட்டியின் பக்கம் நின்று அழுதிருக்கிறேன். கத்தி பிடித்தவன் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை. இப்போது பார்க்கிறேன். வெட்டுப்பட்டது திரும்பி வந்து நம் காலடியில் படுத்தால், ஏனோக் அம்மா, அதைவிடப் பயங்கரமான தண்டனை கிடையாது. நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை, எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை. மன்னிக்கப்பட்டவன் கத்தியை எப்படி மறுபடி எடுப்பது என்றுதான் தெரியாமல் நிற்கிறேன்.

தோமாவை உங்களிடம் அனுப்புகிறேன். அடுத்த வாரம் ஆற்றைக் கடக்கும் பெண்களோடு வரும். நொண்டுவதால் மெதுவாகத்தான் நடக்கும், இந்தக் கடிதம் முந்திக்கொள்ளும்.

வான் லியான்

*

அக்கரை முகாம்
15 பிப்ரவரி 2022

வான் லியானுக்கு,

என் கையால் எடுத்து வைத்த அரிசி. அடுப்பு மூட்டுமுன் கண்ணை மூடி, ஏனோக்கை நினைத்து எடுத்து வைத்த அரிசி. மாவிக்குப் பசி அடங்காமல் பானையைச் சுரண்டும்போதும் தொடாமல் வைத்த அரிசி. அதைத் தின்று அவன் உடம்பைத் தேற்றிக்கொண்டு உங்களோடு சிரிக்கிறான். நீங்களும் சிரிக்கிறீர்கள்.

இந்த வார மூட்டையைச் சேற்றில் கொட்டி மிதித்துவிட்டேன். பெண்கள் பிடித்து இழுத்தார்கள். ஆண்டவருடையதை மிதிக்கிறாயே என்றார்கள். ஆண்டவருக்குத் தட்டு வைத்தால் கொலைகாரன் உட்கார்ந்து தின்கிறான், அப்புறம் அது எப்படி ஆண்டவருடையது என்று கேட்டேன்.

உங்கள் தத்துவம் எல்லாம் எனக்கு வேண்டாம். என்னைக் கேட்காமல் தோமாவை வெட்டினீர்கள். என்னைக் கேட்காமல் என் பிள்ளையின் ரத்தத்துக்குச் சமாதானம் பேசுகிறீர்கள். இரண்டு முறையும் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே உங்களுக்கு நினைவில்லை. இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். அதே கத்தியால் அவனை வெட்டுங்கள். பெற்ற வயிறு கேட்கிறது. வெட்டிவிட்டு வந்தால் நான் உங்கள் மனைவி. வெட்டாவிட்டால் ஆற்றைக் கடந்து வராதீர்கள், மாவிக்கு அப்பாவும் செத்துவிட்டார் என்று சொல்லிவிடுகிறேன்.

சுய் பார்

*

ஓடைக்காட்டு முகாம்
21 பிப்ரவரி 2022

ஏனோக் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

சேய்தாங்கிடம் போய் "இன்னைக்கு முடிச்சிடறேன்" என்றேன். "இப்பவாவது மனுஷனானியே" என்று முதுகில் தட்டினார். காலை வெயிலில் அவனை ஓடைக்குக் கூட்டிப்போனேன். நடக்கும் அளவுக்குக் காயம் ஆறியிருந்தது. குளிக்கத்தான் போகிறோம் என்று நினைத்தான். பிறகு என் இடுப்பில் இருந்த கத்தியைப் பார்த்தான். தானாகவே மண்டியிட்டான், நான் சொல்லவில்லை.

"நாய் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துடுச்சா?" என்றான்.

"இன்னும் வழியில இருக்கும்."

"கால்ல நான் போட்ட கட்டு அவிழ்ந்திருந்தா இறுக்கிக் கட்டச் சொல்லுங்க. ஈ உட்காரும்."

ஓங்கினேன். அவனும் தலையைத் திருப்பினான். ஏதோ சொல்ல வந்தான் போலிருக்கிறது. கத்தி தோளில் இறங்கியது. அவன் போட்ட சத்தத்தில் ஓடையின் மறுகரையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நிதானமான கை என்று பெயர் எடுத்தவன் நான். மூன்று வெட்டு வேண்டியிருந்தது. கடைசி வெட்டுக்கு முன் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான். விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மனது ஆறும் என்று நினைத்திருந்தேன். உனக்கு ஆறினால் சரி. எனக்கு ஏனோக்கின் முகத்தை நினைக்க முடியவில்லை, நினைத்தால் இவன் வருகிறான்.

டீக்கன் பொறுப்பை விட்டுவிட்டேன். இந்தக் கையால் திருவிருந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க முடியாது. உன்னிடமும் வரப்போவதில்லை. நீ வரச் சொன்னாய், உண்மைதான். ஆனால் தோமா அங்கே இருக்கிறது. இந்தக் கையோடு அதன் முன்னால் எப்படி வந்து நிற்பேன்? மாவிக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

வான் லியான்

*

அக்கரை முகாம்
22 பிப்ரவரி 2022

மாவியின் அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வருமுன் அவசரமாக எழுதுகிறேன். லிங் படகுக்குக் காத்திருக்கிறார். போன கடிதம் உங்கள் கைக்கு வந்திருந்தால் கிழித்து அடுப்பில் போடுங்கள்.

தோமா நேற்று வந்து சேர்ந்தது. மாவி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் அலறின, அவள் அலறவில்லை. நான் பக்கத்தில் போனபோதுதான் காலில் இருந்த கட்டைப் பார்த்தேன். பச்சைச் சட்டையின் கை. பித்தான்கூட இருந்தது. படியில் குனிந்து நம் பிள்ளையைப் புரட்டியவன் போட்டிருந்த அதே சட்டைத் துணி.

அப்புறம் எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. அடுப்பிலிருந்து பாதி எரிந்த விறகை உருவி அதை அடித்தேன். தோமாவை. முதுகில், தலையில், வெட்டுப்பட்ட அந்தத் தாடையில். மயிர் கருகி நாறியது. மாவி குறுக்கே விழுந்தாள். "அடிக்காதம்மா! நம்ம தோமாம்மா! அண்ணனோட தோமாம்மா!" அவள் கையிலும் ஒன்று விழுந்தது, கொப்புளம் போட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தார் வந்து விறகைப் பிடுங்கும்வரை நிறுத்தவில்லை. நாய் மூத்திரம் விட்டுக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தது. ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

வெளியே சேற்றில் போய் உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் வரவில்லை, மாவிகூட வரவில்லை. வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து அதுதான் வந்தது. என் கையை மோந்து பார்த்தது. பிறகு என் மடியில் அந்தப் பாதி முகத்தை வைத்தது. வாயிலிருந்து ரத்தம் ஒழுகி என் சேலை நனைந்தது.

நீங்கள் எழுதியதை நையாண்டி செய்தேன். பயங்கரமான தண்டனை என்று எழுதியிருந்தீர்களே, அதுதான். என்னைவிட நல்லவர்களையெல்லாம் விட்டுவிட்டு அடித்தவளிடம்தானா வர வேண்டும்? நம் ஆண்டவரும் இப்படித்தான் என்று இத்தனை வருடம் பாட்டாகப் பாடியிருக்கிறேன். மடியில் கனத்தபோதுதான் தெரிந்தது.

நான் அவனை மன்னிக்கவில்லை, வாயில் வரவில்லை. ஆனால் வெட்ட வேண்டாம். கட்டி வையுங்கள், உங்கள் படையின் மேல்தலைவர்களிடம் அனுப்புங்கள், அவர்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் கொடுக்கட்டும். நம் கையால் வேண்டாம். அரிசியை மறுபடி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன். யார் தின்றாலும் கேட்க மாட்டேன். சீக்கிரம், தயவுசெய்து.

சுய் பார்

*

அக்கரை முகாம்
5 மார்ச் 2022

ஏனோக் அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் ஆற்று நடுவில் எதிரெதிர்ப் படகில் போயிருக்கின்றன. இதற்குள் நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

கத்தி உங்கள் கையில் இருந்தது. ஓங்கியது நான். மூன்று வெட்டும் என்னுடையது. இதில் நீங்கள் பாவத்தை உங்கள் பெயருக்கு எடுத்துக்கொண்டு, ஆறுதலை மட்டும் எனக்கு விட்டுவைக்க வேண்டாம்.

மாவிக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லிவிட்டேன். நான் அடித்ததைக் கண்ணால் பார்த்தவள், அவளிடம் எதை மறைப்பது? அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தோமாவின் காலில் அந்தக் கட்டு அவிழ்ந்து தொங்கியது. நான் அவிழ்த்து எறியப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு அதே துணியை இறுக்கிக் கட்டினாள்.

இந்தக் கையோடு எப்படி வருவது என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு எந்தக் கையோடு வரப்போகிறீர்கள்? இங்கே இருக்கிற இரண்டு கையும் அப்படிப்பட்டதுதான். நான் பகலில் சமைக்கிறேன், அரிசி அளக்கிறேன், தோமாவின் புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போடுகிறேன். நடுவில் சட்டென்று உட்கார்ந்துவிடுகிறேன். தனியாக இதைச் சுமக்க எனக்கு முடியவில்லை. உங்களாலும் முடியாது. டீக்கன் வேலையைப் போதகர் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு டீக்கன் வேண்டாம்.

நேற்று மாலை ஜெபத்தில் மாவி வழக்கம்போல் பெயர்களைச் சொன்னாள். அண்ணனுக்காக, அப்பாவுக்காக, ரோசாங் அண்ணனுக்காக, தோமாவுக்காக. பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த ஆள் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து விளக்கில் பிடித்துத் தேடினேன். ஒன்றில்கூட இல்லை. நானும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இத்தனை நாள் இலை போட்டுச் சோறு போட்டிருக்கிறீர்கள். மாவி அந்த இடத்திலேயே ஜெபத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள், ஆமென் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

கடிதத்தில் எழுத வேண்டாம். நேரில் வந்து சொல்லுங்கள்.

உங்கள்
சுய் பார்